ரூட்டருக்கு எது மூஞ்சி

வேலை கிடைத்துவிட்டது என்று போன் வந்த அன்று சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுப்பில் காரக்குழம்பு அடிப்பிடித்துக் கரிவதுகூடத் தெரியாமல் ஹாலுக்கும் சமையற்கட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். மகளை ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டாயிற்று, தலையில் வெள்ளை எட்டிப் பார்த்தாயிற்று, இனி நமக்கென்ன என்று உட்கார்ந்திருந்தவளுக்கு வாழ்க்கையின் முதல் வேலை! கரிந்த குழம்பையே சோற்றில் ஊற்றினேன். என் வீட்டுக்காரர் வேலுசாமி அதை ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டார். வேலை விஷயத்தையும் ஒரு வார்த்தை சொல்லாமல் கேட்டார்.

"செரி" என்றார் கடைசியில். அதோடு கை கழுவப் போய்விட்டார்.

அவர் தாராபுரம் பக்கம். ஆவடியில் ராணுவத்துக்குச் சாமான் செய்யும் தொழிற்சாலையில் இரும்பு கடையும் லேத்து மெஷின் ஓட்டுகிறார். நான் பட்டாபிராமில் பிறந்து வளர்ந்தவள். அவர் வாயிலிருந்து ஒரு வாக்கியம் முழுசாக வருவதற்குள் நான் ஒரு சண்டையைத் தொடங்கி, நடத்தி, சமாதானமும் ஆகிவிடுவேன். கல்யாணத்துக்கு முன்பே என் அக்கா வசந்தா, "அந்தாளு வாயத் தொறக்க மாட்டான்டி, நீ மூட மாட்ட, எப்டி குடும்பம் நடத்துவீங்க?" என்று கேட்டாள். நடந்துகொண்டுதான் இருக்கிறது.

எனக்கு வேலை கொடுத்த கம்பெனியின் பெயர் மயில்வாகனம் மிக்ஸி. ஆபீஸ் அம்பத்தூர் எஸ்டேட்டில், வேலை மட்டும் வீட்டிலிருந்தபடி. மிக்ஸி ஓடாதவர்கள் அவர்கள் நம்பருக்குப் போன் போடுவார்கள். அது சுற்றிக்கொண்டு என் கம்ப்யூட்டருக்கு வரும். நான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "வணக்கம், மயில்வாகனம் மிக்ஸி சேவை மையம், நான் விஜி பேசுகிறேன், உங்கள் மிக்ஸிக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்க வேண்டும். அதை நான் சொல்லும் அழகில் எனக்கே என் மேல் மரியாதை வந்துவிடும். தெருக்குழாயடியில் குடத்தோடு சண்டை போட்டு வளர்ந்த வாய் இது என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஒரே ஒரு நிபந்தனை. வைஃபையில் பேசினால் குரல் விட்டு விட்டுக் கேட்குமாம். அதனால் நெட் வயரை நேராகக் கம்ப்யூட்டரில் செருகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் சாஃப்ட்வேர் நம்மை உள்ளேயே விடாது. வெள்ளானூரில் நாங்கள் குடியிருக்கும் ஃப்ளாட்டில் ரூட்டர் இருப்பது ஹாலில், சாமி அலமாரிக்குப் பக்கத்தில், என் கைக்கு எட்டாத உயரத்தில். பிளக் பாயின்ட் அங்கேதான் இருந்தது. அங்கிருந்து ஒரு நீல வயரைச் சுவரோரமாக இழுத்துப் பின்னறைக்குக் கொண்டுவந்தோம். அரிசி டிரம்முக்கும் பீரோவுக்கும் நடுவில் ஒரு மேஜையைப் போட்டு அதற்கு 'என் ஆபீஸ்' என்று பெயர் வைத்தேன். அவர் மட்டும் 'அந்த ரூம்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. தாராபுரத்திலிருந்து அவர் தங்கச்சி சுசீலா கூப்பிட்டு, அண்ணி எங்கே என்று கேட்டால், "அவ போன் பேசிட்டிருக்கறா" என்பார். போன் பேசிக்கொண்டிருக்கிறேனாம்! நாள் முழுக்க ஊரார் வீட்டு மிக்ஸிக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறேன், அதற்குப் பெயர் போன் பேசுவது. வேலை என்ற சொல்லைத் தன் தொழிற்சாலைக்கு மட்டும் பட்டா போட்டு வைத்திருந்தார் மனுஷன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், "விஜி வேலையில இருக்கறா" என்று அவர் வாயால் கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது.

வேலைக்குச் சேர்ந்து நாலு நாள் நன்றாகப் போனது. வெள்ளிக்கிழமை காலை, திருவள்ளூரிலிருந்து ஒரு அம்மா. "மிக்ஸியைத் தலைகீழாகத் திருப்புங்கள் அம்மா, அடியில் சிவப்பாக ஒரு பட்டன் இருக்கும், அதை..." என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், எதிர்ப்பக்கம் மூச்சுப் பேச்சில்லை. திரையின் மூலையில் நெட் இல்லை என்று ஒரு குறி. நான் நாற்காலியை விட்டு எழுவதற்குள் நெட் திரும்பி வந்துவிட்டது, அம்மாதான் வரவில்லை. மிக்ஸியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாரோ, பாவம்.

அன்று முழுக்க அதே கூத்து. போகும், வரும், வந்த வேகத்தில் போகும். கையிலிருக்கும் போனில் வைஃபை ஜம்மென்று ஓடுகிறது. வயர் வழியாக என் கம்ப்யூட்டருக்கு வருவதுதான் அறுந்து அறுந்து போகிறது. சனிக்கிழமையும் படுத்தி எடுத்தது. திங்கட்கிழமை ஒன்றுமே நடக்காதது மாதிரி சாதுவாக ஓடியது. நெட் கனெக்‌ஷன் கொடுக்கும் ஜெகதீஷ் ஏணியும் பையுமாக வந்து நின்றதும் அந்தத் திங்கட்கிழமைதான். ஸ்டூலில் ஏறி ரூட்டரைப் பார்த்தார், என் கம்ப்யூட்டரில் எதையோ தட்டிப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"யக்கா, லைன் சும்மா கும்முனு கீது. எங்க கட்டாவுது?"

"நீ வந்தா கட்டாவாது, நீ போனா கட்டாவும். வெள்ளிக்கெழம இன்னா பாடு படுத்துச்சு தெரியுமா?"

"வெள்ளிக்கெழம பாத்துப் போறதுக்கு, அது இன்னா கோயிலுக்கா போவுது?" என்று சிரித்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சிரிப்பை மடித்து வைத்துக்கொண்டு, ரூட்டருக்குப் பின்னால் கையை மட்டும் விட்டுத் தடவி, வயரை வேறொரு ஓட்டையில் மாற்றிச் செருகினார். "நாலு ஓட்ட கீதுக்கா. அதுல ஏதோ கோளாறுன்னா, இதுல ஓடும். பயப்படாத."

மறுநாளே கட் ஆனது. செவ்வாய்க்கிழமை.

அதற்கப்புறம் நான் துப்பறியத் தொடங்கினேன். முதல் சந்தேகம் ஃப்ளாட்டின் தண்ணீர் மோட்டார் மேல். மோட்டார் ஓடும்போது வோல்டேஜ் குறையும், வோல்டேஜ் குறைந்தால் ரூட்டர் தடுமாறும் என்று நானே ஒரு முடிவுக்கு வந்து, கீழே போய் மோட்டார் சுவிட்சை அணைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே காவலுக்கு நின்றேன். மாடியிலிருந்து முகமெல்லாம் சோப்போடு ஒருவர் இறங்கி வந்தார். அவருக்குப் பின்னால் துண்டோடு இன்னொருவர். எனக்கு ஒரு பக்கம் வெட்கம், ஒரு பக்கம் சிரிப்பு, இரண்டையும் அடக்கிக்கொண்டு, "கொஞ்சம் பொறுங்க சார், ஆராய்ச்சி நடக்குது" என்றேன். மேலே போய்ப் பார்த்தால் மோட்டார் ஓடாமலே நெட் போயிருந்தது. அன்று எங்கள் ஃப்ளாட்டில் தண்ணீரும் இல்லை, என் மேஜையில் நெட்டும் இல்லை.

அடுத்தது, பக்கத்து மனையில் வீடு கட்டுகிறவர்கள். அங்கே டைல்ஸ் அறுக்கும் மெஷின் போடும் சத்தத்தில்தான் என் வயர் அதிர்கிறது என்று தீர்மானித்தேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் மேஸ்திரியைப் பிடித்து விளாசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "யம்மா, காலைலருந்து எங்களுக்குக் கரண்டே குடுக்கலமா. மிசினு சும்மா குந்திகினு கீது" என்றார். வந்த வழியே திரும்பினேன். அவர் எனக்கு டீ வேண்டுமா என்று கேட்டதுதான் இன்னும் மானக்கேடு.

வெள்ளி வந்தது, மறுபடியும் கூத்து. அடுத்த செவ்வாய்க்கிழமையும் அதே கதை. அன்று சாயங்காலம் ஜெகதீஷ் ரோஷத்தோடு வந்து பழைய வயரையே உருவி எறிந்துவிட்டுப் புதிதாக ஒரு மஞ்சள் வயர் போட்டுக் கொடுத்தார். ஆகா, புதன், வியாழன் இரண்டு நாளும் என்ன ஓட்டம்! சந்தோஷத்தில் ஜெகதீஷைக் கூப்பிட்டு உட்கார வைத்து சேமியா பாயசம் கொடுத்தேன். "இனிமே கட்டாச்சுன்னா நான் தொழிலையே வுட்டுட்றேன்க்கா" என்று சபதம் செய்துவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை கட் ஆனது. சபதத்தை நான் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை, எனக்கு அவரை விட்டால் வேறு ஆளில்லை.

அன்று சாயங்காலம் ஆபீஸிலிருந்து சௌம்யா பேசினாள். எங்கள் குழுவுக்கு அவள்தான் தலைவி. என் மகளைவிட நாலைந்து வயசு மூத்தவளாக இருப்பாள். நான் அவளை மேடம் என்பேன், அவள் என்னை மேடம் என்பாள், இரண்டு மேடமும் ஒருத்தியை ஒருத்தி பார்த்தது கிடையாது.

"விஜி மேடம், நீங்க பேசற விதம் எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. ஆனா பாதிப் பேச்சுல லைன் கட்டானா கஸ்டமர் கம்பெனியத்தான் திட்டறாங்க. வர்ற வெள்ளிக்கிழமை நீங்க பேசற ஒவ்வொரு போன் காலையும் நான் கூடவே உக்காந்து கேக்கப் போறேன். அன்னைக்கு ஒழுங்கா இருந்தா வேலை நிரந்தரம். அன்னைக்கும் அறுந்துபோச்சுன்னா, என் கையில ஒண்ணும் இல்ல மேடம்."

கிழமையையும் பார்த்துப் பார்த்துத்தான் பொறுக்கியிருந்தாள்.

வேலை போய்விடுமோ என்ற பயம் ஒரு பங்கென்றால், போன பிறகு அவர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்ற எரிச்சல் மூன்று பங்கு. அவர் ஷிப்ட் முடிந்து வந்து சட்டையைக் கழற்றி மாட்டுவதற்குள் பிடித்துக்கொண்டேன். யார்மேலாவது கொட்டித்தானே ஆக வேண்டும்.

"வர்ற வெள்ளிக்கெழம எனக்குப் பரீட்ச. அன்னிக்கு நெட்டு புட்டுக்கிச்சுன்னா என் வேல காலி. ஒனக்கு இன்னா, நிம்மதி! 'அவ போன் பேசறா'ன்னு சொல்ற தொல்லகூட இருக்காது. நீ பாக்குறதுதான வேல? நான் பாக்குறது பொழுதுபோக்கு!"

அவர் சட்டையை ஆணியில் மாட்டினார். என்னைப் பார்த்தார். ரூட்டர் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார்.

"வெள்ளிக்கெழமதான? செரி, பாத்துக்கலாம் வுடு" என்றார்.

பாத்துக்கலாமாம்! இவர் என்ன பார்த்துக்கொள்வார்? நான் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டேன். இரண்டு நாள் அவருக்குச் சட்னி அரைக்காமல் வெறும் இட்லியை வைத்தேன். அவர் சர்க்கரை தொட்டுச் சாப்பிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை விடிந்தது. நான் தலைக்குக் குளித்து, நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்தால், அவர் தொழிற்சாலைக்குப் போகாமல் சோபாவில் உட்கார்ந்திருந்தார். நெற்றி நிறைய விபூதி. டிவி அணைந்திருந்தது, மின்விசிறியைக்கூட ஒன்றில் வைத்திருந்தார்.

"டூட்டிக்குப் போல?"

"வயிறு செரியில்லீங்... லீவு போட்டுட்டேன்" என்றார். என்னிடம் ங்க போட்டுப் பேசுகிறார் என்றால் பொய் சொல்கிறார் என்று அர்த்தம். எனக்கு இருந்த படபடப்பில் அதைத் துருவிக் கேட்க நேரமில்லை.

சௌம்யா வந்து உட்கார்ந்தாள். அதாவது என் காதுக்குள் வந்து, "நான் இருக்கறதையே மறந்துட்டு நீங்க பேசுங்க மேடம்" என்றாள். முதல் அழைப்பு நசரத்பேட்டையிலிருந்து.

"வணக்கம், மயில்வாகனம் மிக்ஸி சேவை மையம், நான் விஜி பேசுகிறேன், உங்கள்..."

"யம்மா, நீ இன்னா ரேடியோல நியூஸ் வாசிக்கிறியா? எம் பேரு வேம்புலியம்மா. உங்க மிச்சி என்னிய சாவடிக்குது. சுத்துது, நிக்குது. நிக்குது, சுத்துது. சட்னி அரைக்கறதுக்குள்ள எம் புருசன் டிபன் துன்னாமயே வேலைக்குப் பூட்டான். இதுக்கு இன்னா சொல்ற?"

எனக்குப் பட்டாபிராமே காதுக்குள் வந்து பேசியது போலிருந்தது. கம்பெனித் தமிழ் தானாக நழுவிக் கீழே விழுந்துவிட்டது. சௌம்யா கேட்டால் கேட்கட்டும்.

"இரும்மா, கோச்சுக்காத. மோட்டார் சத்தம் வர்தா?"

"அதெல்லாம் உர்ருனு நல்லாத்தான் வர்து. ஜாரு சுத்த மாட்டேங்குது."

"அப்ப மிக்ஸி நல்லாத்தான் கீது. கரண்டும் நல்லாத்தான் கீது. ஜாரத் தூக்கு. ஜாரும் மிக்ஸியும் ஒண்ணோட ஒண்ணு சேருற எடம் கீது பாரு, பல்லு பல்லா, அங்க ஏதாச்சும் ஒட்டிகினு கீதா? வெளிய எல்லாம் பாக்காத. சேருற எடத்தப் பாரு."

"அய்ய! ஆமா, பொட்டுக்கடல சட்னி காஞ்சி அடைச்சிகினு கீதும்மா! உனுக்கு எப்டி தெ..."

கட்.

திரையின் மூலையில் அதே குறி. ஹெட்போனைக் கழற்றி வீசப் போனேன். போனவள் அப்படியே நின்றேன், ஏனென்றால் நான் சொன்னது எனக்கே திரும்பக் கேட்டது. மிக்ஸி நன்றாகத்தான் இருக்கிறது. கரண்டும் நன்றாகத்தான் இருக்கிறது. சேருகிற இடத்தைப் பார். லைனைப் பார்த்தோம், மோட்டாரைப் பார்த்தோம், பக்கத்து மனையைப் பார்த்தோம், வயரையே மாற்றிப் பார்த்தோம். வயர் போய் ரூட்டரில் சேருகிற வாயை ஒருத்தரும் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை.

செல்போனில் சௌம்யாவுக்கு, "ரெண்டே நிமிஷம் மேடம், அந்தம்மாவ வுட்றாதீங்க!" என்று கத்திவிட்டு ஹாலுக்கு ஓடினேன். ஸ்டூலைப் போட்டு ஏறினேன். அவர் பதறி எழுந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். மஞ்சள் வயரை ரூட்டரிலிருந்து பிடுங்கி முனையைப் பார்த்தேன்.

வயரின் நுனியில், கண்ணாடி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் தலை முழுக்கச் சந்தனம். ஈரம் காயாத சந்தனம். அதன் நடுவில் அழகாக ஒரு குங்குமப் பொட்டு. ஓட்டைக்குள்ளே, பொன் நிறத்தில் மின்ன வேண்டிய கம்பிகளெல்லாம் சந்தனக் குழம்பில் முங்கிக் கிடந்தன.

"யோவ், இன்னாய்யா இது?"

"பொட்டு" என்றார் அவர், ஸ்டூலை விடாமல்.

"பொட்டுன்னு தெரியுது. இங்க எப்டி வந்துச்சு?"

"வெள்ளிக்கெழமையாச்சே அம்மிணி. மிசினத் தொடச்சுப் பொட்டு வெக்காம வேலைய ஆரம்பிப்பாங்களா? நீ தண்ணி வாத்துக்கப் போற நேரத்துல வெச்சுப்போடுவேன்."

எங்கள் வீட்டில் பொட்டு வைக்காத பொருள் எது? ஃபிரிஜ், ஸ்கூட்டர், தையல் மெஷின், கேஸ் அடுப்பு, ஏன், எடை பார்க்கும் மெஷினுக்குக்கூட நெற்றியில் சந்தனம் உண்டு. ரூட்டருக்கு மேலே இருந்த பொட்டை நானும் பார்த்திருக்கிறேன், ஜெகதீஷும் பார்த்து ஒரு முறை கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கிறார். அதற்குமேல் எங்களுக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை.

"மேல வெச்சா போதாதா? வாய்க்குள்ளயா வெப்பாங்க?"

"இதுக்கு எது மூஞ்சின்னே தெரியலையே. மொதல்ல லைட்டு எரியற பக்கம் வெச்சேன். அப்பறம் பாத்தா வயரெல்லாம் இந்தப் பக்கந்தான் போவுது. தீனி போற பக்கந்தான மூஞ்சி? அதான் வயரக் கழட்டி, ஈரத்துணியில தொடச்சு, அதுக்கொரு பொட்டு வெச்சு, பெட்டிக்கும் வெச்சு, மறுபடி மாட்டி வுட்டேன்."

"நாலு ஓட்டைக்குமா?"

"ஒண்ணுக்கு வெச்சுப்போட்டு மத்த மூணையும் வுட்டா நல்லாவா இருக்கும்?"

ஸ்டூலின் மேல் நின்றபடி எனக்குச் சிரிப்பு பீறிக்கொண்டு வந்தது. "செவ்வாக்கெழம?"

"அறுந்து அறுந்து போவுதுன்னு நீ பொலம்புனயல்ல. கண்ணு பட்டுருச்சோன்னு செவ்வாக்கெழமயும் சேத்திக்கிட்டேன். புது வயரு வந்த வாரம் மஞ்சளும் வெச்சேன். இன்னைக்கு உனக்குப் பரீட்ச, அதனால சந்தனத்த நல்லாக் கெட்டியா..." பாதியில் நிறுத்தி, என் கையிலிருந்த வயரைப் பார்த்தார். லேத்து ஓட்டுகிற மனுஷன். கம்பிமேல் கம்பி பட வேண்டிய இடத்தில் என்ன இருக்கிறது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஈரம் இருக்கும்வரை நெட்டைப் படுத்தியிருக்கிறது, காய்ந்து உதிர்ந்ததும் ஓட விட்டிருக்கிறது. முகம் சுண்டிப்போனது. "அட கெரகமே. நானா?"

"நீதான்! நீயேதான்!"

நான் கத்தினேன். ஆனால் கோபம் வரவில்லை, வர மறுத்தது. வேறொன்று என் மண்டையில் மணி அடித்துக்கொண்டிருந்தது.

"இன்னா சொன்ன? வேலைய ஆரம்பிப்பாங்களான்னா? எத வேலைன்ற?"

"நீ பாக்கறதத்தான்."

"போன் பேசறான்னு ஊரெல்லாம் சொன்ன?"

"போன் பேசித்தான அந்த வேலையப் பாக்கற? என்னைய ஆராச்சும் கேட்டா, லேத்து ஓட்டறேன்னுதான் நானுஞ் சொல்லுவேன்" என்றார். அப்புறம் கீழே பார்த்துக்கொண்டு, "வேல நடக்காத மிசினுக்கு நாங்க பொட்டு வெக்கறதில்ல" என்றார்.

இத்தனை வருஷத்தில் அவர் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். ஸ்டூலை விட்டு இறங்கி அவரைக் கட்டிக்கொள்ளலாமா, இல்லை வயராலேயே ரெண்டு போடலாமா என்று எனக்குத் தெரியவில்லை. நேரமுமில்லை. அம்பத்தூரில் ஒருத்தியும் நசரத்பேட்டையில் ஒருத்தியும் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"பிரஷ்ஷ எடு!" என்றேன்.

அவர் தன் பல் துலக்கும் பிரஷ்ஷோடும், சவரம் செய்த பின் தடவுகிற லோஷனோடும் ஓடி வந்தார். ரூட்டரின் சுவிட்சை அணைத்தேன். லோஷனில் பிரஷ்ஷைத் தோய்த்து ஓட்டைக்குள் விட்டுத் தேய்த்தார். தேய்க்கத் தெரிந்த கை அது, நாலே இழுப்பில் கம்பிகள் பளிச்சென்றன. நான் வயர் நுனியைத் துணியால் துடைத்து, ஊதி, மறுபடி துடைத்தேன். ஹால் முழுக்கக் கல்யாண மாப்பிள்ளை வாசனை. இரண்டு பேரும் மூச்சு இரைக்க இரைக்க ஊதிக் காய வைத்தோம், நடுவில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துச் சிரித்துச் சிரித்து ஊதவே முடியாமல் போனது. வயரைச் செருகி சுவிட்சைப் போட்டேன். விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண்ணைத் திறந்தன.

ஓடிப்போய் ஹெட்போனை மாட்டினால், உள்ளே ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது.

"மேடம், நான் டீம் லீடர் பேசறேன். உங்க பிரச்சனைய நானே..."

"நீ வாணாம்மா. நீ பேசறது எனுக்குப் பிரியல. அந்த அம்மாவக் கூப்டு. அவங்க வர்ற வரிக்கும் நான் இங்கியே குந்திகினு இருப்பேன், உன் போன வெக்க மாட்டேன்."

"வந்துட்டேன் வேம்புலியம்மா!" என்றேன் மூச்சு வாங்க. "சட்னியச் சுரண்டிட்டியா? பழைய பிரஷ் இருந்தா வெந்நீ தொட்டுத் தேய். நல்லாத் தொடச்சிட்டு ஜார வெச்சு அமுக்கிச் சுத்து."

கொஞ்ச நேரம் பாத்திரம் உருளும் சத்தம். பிறகு காது கிழிகிற மாதிரி மிக்ஸி ஓடியது. நிற்காமல் ஓடியது. அதற்கு மேலே வேம்புலியம்மாள், "சுத்துதும்மா! சுத்துதும்மா!" என்று கத்திய கத்தல் எனக்கு மேளச் சத்தமாகக் கேட்டது. நீ நல்லா இரு, உன் புருசன் நல்லா இருக்கட்டும் என்று வாழ்த்திவிட்டுத்தான் போனை வைத்தாள்.

அதற்குப் பிறகு வந்த அழைப்புகள் ஒன்றுகூட அறுபடவில்லை. மத்தியானம் வரை சௌம்யா கேட்டுக்கொண்டே இருந்தாள். என் ஆபீஸ் வாசற்படியில் அவர் கையில் பிரஷ்ஷோடு, குற்றவாளி மாதிரி நின்றுகொண்டே இருந்தார். போய்ச் சாப்பிடு என்று கையைக் காட்டினாலும் நகரவில்லை.

கடைசியில் சௌம்யா தொண்டையைக் கனைத்தாள். "விஜி மேடம், காலைல ஒரு தடவை கட்டாச்சில்ல, அதுக்கு நான் ரிப்போர்ட்ல காரணம் போட்டாகணும். லைன்ல கோளாறா, கரண்ட்டா, கம்ப்யூட்டரா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க, போட்டுக்கறேன்."

லைன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவளும் விட்டிருப்பாள். ஆனால் வாசலில் அவர் நிற்கிறார், எனக்கோ மனசெல்லாம் பொங்கி வழிகிறது, பொய் சொல்ல வாய் வரவில்லை.

"அதெல்லாம் இல்ல மேடம். எங்கூட்டுக்காரரு நான் பாக்குறத வேலைன்னு நெனச்சிட்டாரு. அதான் காரணம்."

லைன் போய்விட்டதோ என்று திரையின் மூலையைப் பார்த்தேன். போகவில்லை.

"எழுதிக்கிட்டேன் மேடம்" என்றாள் சௌம்யா. "நாளைக்குச் சீக்கிரம் வந்துருங்க, நிரந்தரமானவங்களுக்கு ஷிப்ட் வேற."